இரவு மின்சாரமும் குளிர்ந்த வீடுகளும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, இங்கிலாந்து நாட்டு ஏழைகள் குளிர்காலத்தில் தங்கள் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்வதற்காகக் கட்டுகிற இரவு மின்சாரக் கட்டணத்தைப் பற்றி. தலைப்பைச் சொன்னதுமே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் சிரித்துவிட்டார். "இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, சீமைக்காரன் வீட்டுக்குச் சூடு போடுகிற கதை நமக்கு எதற்கு, தோழர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முழுவதையும் கேட்ட பிறகு, எதற்கு என்பதை அவரே மற்றவர்களுக்குச் சொல்வார் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மின்சாரம் நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்கிற சரக்கல்ல. எந்த விநாடி உற்பத்தியாகிறதோ அந்த விநாடியே செலவாக வேண்டும். பகலில் ஆலை ஓடுகிறது, கடை திறந்திருக்கிறது, மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது. நடு இரவில் ஊர் தூங்கிவிடுகிறது. ஆனால் நிலக்கரியால் ஓடும் மின்நிலையத்தின் கொதிகலனை இரவு அணைத்துவிட்டுக் காலையில் மூட்டுவதென்பது வீட்டு அடுப்பு விவகாரமல்ல. மறுபடி சூடேறப் பல மணி நேரம் பிடிக்கும், எரிபொருள் வீணாகும். அணு மின்நிலையமோ இன்னும் பிடிவாதக்காரன். இரவும் பகலும் ஒரே சீராக ஓடினால்தான் அதற்குச் சரிப்படும். ஆகவே இரவில் மின்சாரம் மிஞ்சியது. மிஞ்சியதை என்ன செய்வது?

இங்கேதான் ஸ்டோரேஜ் ஹீட்டர் என்ற பொருள் வருகிறது. பார்வைக்கு அது சுவரோரம் நிற்கும் ஒரு தகரப் பெட்டி. உள்ளே கனமான, அடர்த்தியான செங்கற்கள் அடுக்கியிருக்கும். கற்களுக்கு நடுவே மின்கம்பி. இரவு மலிவான மின்சாரம் கம்பியில் பாய்ந்து கல்லைச் சுட வைக்கும். மறுநாள் பகலெல்லாம் அந்தக் கல் மெல்ல மெல்லச் சூட்டைக் கக்கும். செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நெருப்பு அணைந்த மறுநாளும் கல்லில் கை வைக்க முடியாது அல்லவா? அதே தத்துவம்தான். மின்சாரத்தைக் குதிரில் கொட்ட முடியாது, சூட்டைக் கல்லில் கொட்டி வைக்கலாம்.

1978 அக்டோபரில் 'எகானமி 7' என்ற கட்டண முறையைக் கொண்டுவந்தார்கள். இரவு சுமார் 12 மணியிலிருந்து காலை 7 மணி வரை, இடத்துக்கு இடம் சற்று முன்பின்னாக, ஏழு மணி நேரத்துக்கு மலிவு ரேட். அதற்குப் பதிலாகப் பகல் ரேட் சாதாரண ரேட்டைவிடக் கொஞ்சம் கூடுதல். அன்று மின்சாரம் அங்கே தேசத்தின் உடைமை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி சர்க்கார், 1948 ஏப்ரல் 1-ந் தேதி நாட்டின் நூற்றுக்கணக்கான மின்சாரக் கம்பெனிகளையும் நகரசபை நிலையங்களையும் ஒன்றாக்கிப் பொதுத்துறையில் சேர்த்திருந்தது. நிலக்கரியும் பொதுத்துறை, மின்சாரமும் பொதுத்துறை. மிஞ்சும் மின்சாரத்தைக் குறைந்த விலைக்கு மக்களிடம் விற்பது அந்த அமைப்பில் சாத்தியமாயிற்று.

அதற்காக அன்று எல்லாம் சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. முதலாளித்துவ சர்க்காரின் கையில் இருக்கும் பொதுத்துறை, தொழிலாளி வர்க்கத்தின் கையில் இருக்கும் பொதுத்துறை ஆகிவிடாது. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது அந்த வாரியமும் கட்டணத்தை ஏற்றியது. மின்சாரச் சூட்டையே நம்பிய நகரசபைக் குடியிருப்புகளில் ஜனங்கள் அதை எதிர்த்துப் போராடவும் செய்தார்கள். ஆனால் அன்று எதிர்த்துக் கேட்க ஒரு வாரியமும் ஒரு மந்திரியும் இருந்தார்கள். இன்று யாரிடம் போய்க் கேட்பது என்பதே அங்கே ஒரு பிரச்னை.

யார் வீட்டில் இந்தப் பெட்டி?

பணக்காரன் வீட்டில் இது இல்லை. அவன் வீட்டில் குழாய் வழியே காஸ் வருகிறது, கொதிகலன் இருக்கிறது, வேண்டும்போது சூடு. ஸ்டோரேஜ் ஹீட்டர் பெரும்பாலும் வாடகைக் குடித்தனங்களிலும், அடுக்குமாடிகளிலும், காஸ் குழாய் எட்டாத கிராமங்களிலும் இருக்கிறது.

அடுக்குமாடிக்கு ஏன் காஸ் போகவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. கிழக்கு லண்டனில் ரோனன் பாயிண்ட் என்று 22 மாடிக் கட்டடம் ஒன்றைத் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டினார்கள். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து சீட்டுக்கட்டைப் போல அடுக்கிய கட்டடம். சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. 1968 மே 16-ந் தேதி விடியற்காலையில் 18-வது மாடியில் குடியிருந்த ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்ற வைத்தார். கசிந்திருந்த காஸ் வெடித்தது. சுவர்ப்பலகை ஒன்று பிடுங்கிக்கொண்டு போக, கட்டடத்தின் ஒரு மூலை உச்சியிலிருந்து அடிவரை சரிந்தது. நாலு பேர் மாண்டார்கள். ஜனங்கள் குடியேறி இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. குற்றம் கட்டடத்தின் இணைப்பில் இருந்தது. ஆனால் அதன் பிறகு, இப்படிக் கட்டிய பல கட்டடங்களிலிருந்து காஸை எடுத்துவிட்டு மின்சாரத்தை மட்டும் வைத்தார்கள். மலிவாகக் கட்டியவன் செய்த தவறுக்கு, அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் குடியிருப்பவன் கூடுதல் கட்டணம் கட்டுகிறான்.

சரி, அந்த வீட்டில் இரவு மின்சாரத்தோடு எப்படி வாழ்கிறார்கள்? ராத்திரி படுக்கப்போகும் முன்பு, நாளைக்கு எவ்வளவு குளிரும் என்று ஊகித்துப் பெட்டியின் திருகைத் திருப்பி வைக்க வேண்டும். ஊகம் தப்பி மறுநாள் வெயில் அடித்தால் சூடு வீண், காசும் வீண். குளிர் கடுமையாக இருந்தால் மாலைக்குள் கல் ஆறிவிடும். வேலைக்குப் போகிறவர் காலையில் வெளியேறுகிறார். ஆளில்லாத வீட்டில் கல் பகலெல்லாம் சூட்டைக் கக்குகிறது. மாலையில் அவர் களைத்துத் திரும்பும்போது வீடு சில்லென்று கிடக்கிறது. என்ன செய்வார்? சொருகுகிற சின்ன ஹீட்டரை எடுத்து வைப்பார். அது ஓடுவது உயர்ந்த பகல் ரேட்டில்! மொத்த மின்சாரத்தில் சுமார் 40 சதவிகிதமாவது இரவில் செலவழித்தால்தான் இந்தக் கட்டண முறையில் லாபம். இல்லையென்றால் ஒற்றை ரேட் வீட்டுக்காரனைவிட இவருக்குத்தான் அதிகச் செலவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய அளவு ஹீட்டர் ஒன்று 3.4 கிலோவாட். முழுச் சூடேற ஏழு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 24 யூனிட். இரண்டு அறைக்கு இரண்டு ஹீட்டர் என்றால் ஓர் இரவுக்கு 48 யூனிட். கடுங்குளிர் 150 இரவு என்று வைத்துக்கொண்டால் 7,200 யூனிட். இரவுக் கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரே ஒரு பென்னி ஏற்றினால் போதும், அந்தக் குடும்பத்தின் தலையில் 72 பவுன் ஏறுகிறது. பத்திரிகைகள் "சிறு திருத்தம்" என்று எழுதும்! நம் பணத்தில் அது 7,000 ரூபாய்க்கு மேல்.

மலிவு ஏன் போயிற்று?

1984 மார்ச்சில் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 20 சுரங்கங்களை மூடி 20,000 பேரை வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்த்து ஒரு வருஷம் பட்டினி கிடந்து போராடினார்கள். தாட்சர் சர்க்கார் முன்கூட்டியே மின்நிலையங்களில் நிலக்கரியை மலைமலையாகக் குவித்து வைத்திருந்தது. செலவைப் பற்றிக் கவலைப்படாமல் எண்ணெயை எரித்து மின்சாரம் எடுத்தது. 1985 மார்ச்சில் போராட்டம் தோற்றது. அடுத்து என்ன? 1989-ல் மின்சாரத்தைத் தனியாருக்கு விற்கச் சட்டம். 1990 டிசம்பரில் விநியோகக் கம்பெனிகள் பங்குச் சந்தையில் ஏலம் போயின. 1991-ல் உற்பத்தி நிலையங்கள். 1996-ல் அணு நிலையங்கள். சுரங்கத் தொழிலாளியை முறித்த பிறகே மின்சாரத்தை விற்க முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வரிசை தற்செயலானதல்ல.

இடையில் ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். "சர்க்கார் வியாபாரம் செய்யக்கூடாது" என்று சொல்லித்தானே அந்த அணு நிலையங்களை விற்றார்கள்? 2009-ல் அவற்றை வாங்கியது பிரெஞ்சு சர்க்காருக்குச் சொந்தமான மின்சாரக் கம்பெனி. பிரிட்டிஷ் சர்க்கார் நடத்தினால் தவறு, பிரெஞ்சு சர்க்கார் நடத்தினால் சரி!

இரவு மலிவுக்கு அடிப்படையாக இருந்த நிலையங்கள் ஒவ்வொன்றாகப் போயின. 2022-ல் ஹண்டர்ஸ்டன் பி, ஹிங்க்லி பாயிண்ட் பி என்ற இரண்டு பழைய அணு நிலையங்கள் மூடப்பட்டன. 2024 செப்டம்பர் 30-ந் தேதி கடைசி நிலக்கரி நிலையமும் மூடப்பட்டது. நிலக்கரிப் புகை போனதற்கு நான் அழவில்லை. புவி சூடேறுவதால் அடிபடுகிறவர்களும் முதலில் நம்மைப் போன்றவர்கள்தான். இப்போது அங்கே காற்றாலைகள் ஏராளம். காற்றுக்கு இரவென்ன, பகலென்ன? விலை கொடுத்து வாங்காத காற்றிலிருந்து வரும் மின்சாரம் மலிவாகத்தானே இருக்க வேண்டும்?

இங்கேதான் சந்தையின் சூது இருக்கிறது. அந்த மின்சாரச் சந்தையில், ஒரு நேரத்துக்குத் தேவையான மின்சாரத்தை நிரப்பக் கடைசியாகக் கூப்பிடப்படும் நிலையம் எதுவோ, அதன் செலவே விலையைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலான நேரம் அந்தக் கடைசி ஆள் காஸ் நிலையம். காய்கறிச் சந்தையில் பத்துப் பேர் கத்திரிக்காய் கொண்டுவருகிறார்கள். ஒருவன் மட்டும் விமானத்தில் கொண்டுவருகிறான். அவன் செலவை வைத்தே பத்துப் பேர் கத்திரிக்காய்க்கும் விலை வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி. நீண்டகால ஒப்பந்தத்தில் நிலையான விலைக்குக் கட்டுப்பட்ட சில காற்றாலைகள் இதற்கு விலக்கு, மற்றவர்களுக்கு வேட்டை.

2021-ல் காஸ் விலை ஏறத் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்ததும் விண்ணைத் தொட்டது. நடுத்தர உபயோகமுள்ள ஒரு வீட்டுக்கு, காஸும் மின்சாரமும் சேர்த்து வருஷத்துக்கு 2021 அக்டோபரில் 1,277 பவுன் என்றிருந்த உச்சவரம்பு, 2022 ஏப்ரலில் 1,971 ஆயிற்று. அக்டோபரில் 3,549 என்று அறிவித்தார்கள். ஜனங்கள் கொதித்ததைப் பார்த்த சர்க்கார், வீட்டுக்கு 2,500 பவுன் அளவில் நிற்கட்டும் என்று தலையிட்டது. எப்படி? கம்பெனியின் லாபத்தைக் குறைத்தல்ல. மீதியைக் கஜானாவிலிருந்து கம்பெனிகளுக்குக் கொடுத்து. அதாவது ஜனங்களின் வலது பையில் எடுப்பதைக் குறைத்து இடது பையில் எடுத்தார்கள். அப்போதுகூட மின்சாரம் யூனிட்டுக்கு 34 பென்னி, காஸ் 10.3 பென்னி. இரவு ரேட் பகலில் பாதி என்றே வைத்துக்கொண்டாலும், கல் ஹீட்டர் வீட்டுக்காரன் காஸ் வீட்டுக்காரனைவிட அதிகம் கொடுத்துத்தான் குளிர்காய்ந்தான். அதே 2022-ம் ஆண்டில் ஷெல் கம்பெனியின் லாபம் 39.9 பில்லியன் டாலர், பி.பி. கம்பெனிக்கு 27.7 பில்லியன்.

உச்சவரம்பு இருக்கிறதே, அது இரவுக் கட்டணத்தைக் காப்பாற்றவில்லையா என்று கேட்கலாம். இல்லை. இரவுக்கென்று தனி வரம்பு கிடையாது. இரவு இவ்வளவு, பகல் இவ்வளவு செலவாகும் என்று ஒரு சராசரியை அனுமானித்து, மொத்தம் அதற்குள் நின்றால் போதும் என்று விட்டுவிட்டார்கள். இரவில் எவ்வளவு, பகலில் எவ்வளவு என்பது கம்பெனியின் இஷ்டம். போதாததற்கு, மின்சாரம் தொட்டாலும் தொடாவிட்டாலும் கட்ட வேண்டிய தினசரிக் கட்டணம் ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் அது நாளுக்கு சுமார் 25 பென்னியிலிருந்து 45 பென்னிக்குத் தாவியது. ஒரு காரணம் என்ன தெரியுமா? 2021-22-ல் ஏறக்குறைய 30 விற்பனைக் கம்பெனிகள் திவாலாயின. சூதாடித் தோற்றவர்களின் வாடிக்கையாளர்களை வேறு கம்பெனிக்கு மாற்றிய செலவை, எல்லா வீட்டின் பில்லிலும் ஏற்றினார்கள்.

இன்னொன்று கேளுங்கள். மின்சாரக் கார் வைத்திருக்கிறவனுக்கென்று அங்கே தனி இரவு ரேட் உண்டு. பல கம்பெனிகளில் அது, கிழவி ஒருத்தி கல் ஹீட்டருக்குக் கட்டும் இரவு ரேட்டைவிடக் குறைவு. அதே இரவு, அதே கம்பி, அதே மின்சாரம்.

ஸ்காட்லாந்தின் வட பகுதியைப் பாருங்கள். குளிர் அதிகம், காஸ் குழாய் எட்டாத கிராமங்கள் நிறைய. ஜன்னலைத் திறந்தால் காற்றாலை சுற்றுவது தெரியும். காற்று பலமாக வீசும் இரவுகளில் மின்சாரம் அளவுக்கு மிஞ்சி, தெற்கே கொண்டுபோகக் கம்பிப் பாதை போதாமல், "சுற்றாதே, நிறுத்து" என்று சொல்லிக் காற்றாலை முதலாளிக்கு நஷ்டஈடு கொடுக்கிறார்கள். அதே இரவில் அந்தக் காற்றாலையின் அடியில் குடியிருக்கிறவர் மின்கட்டணத்துக்குப் பயந்து திருகைக் குறைத்து வைத்துக் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறார்.

அங்குள்ள பல வீடுகளில் ஹீட்டரை இயக்கி நிறுத்தியது எது தெரியுமா? வானொலி! பி.பி.சி.யின் நீண்ட அலை ஒலிபரப்போடு, காதுக்குக் கேட்காத ஒரு சமிக்ஞையும் சேர்ந்து போகும். மீட்டர் பக்கத்திலுள்ள கருவி அதைப் பிடித்து இரவு ரேட்டுக்கு மாறும். 1980-களில் வந்த புத்திசாலித்தனமான ஏற்பாடு. கருவிகள் பழசாகிவிட்டன என்று சொல்லி 2025 ஜூன் 30-ந் தேதியோடு நிறுத்துவதாக அறிவித்தார்கள். அந்தத் தேதி நெருங்கியபோதும் லட்சக்கணக்கான வீடுகளில் மீட்டரை மாற்றி முடிக்கவில்லை. மாற்றாவிட்டால் ஹீட்டர் ஓயாமல் ஓடலாம், ஓடாமலே கிடக்கலாம் என்று ஜனங்களுக்கே எச்சரிக்கை விட்டார்கள். கடைசியில் பகுதி பகுதியாக நிறுத்துவதென்று பின்வாங்கினார்கள். பத்துக் கம்பெனி இருந்தால் பொறுப்பு பத்தாகப் பிரியும் என்பதில்லை, தோழர்களே. பொறுப்பே இல்லாமல் போகும்.

அங்கே போராடவில்லையா?

போராடினார்கள். 2022 கோடையில் "கட்டமாட்டோம்" என்று ஓர் இயக்கம் கிளம்பியது. பத்து லட்சம் பேர் உறுதிமொழி கொடுத்தால் அக்டோபர் 1 முதல் கட்டணத்தை நிறுத்துவது என்று திட்டம். ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்திட்டார்கள். பத்து லட்சம் வரவில்லை. ஏன்? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். 1990-ல் தலைவரியை எதிர்த்து அதே நாட்டு ஜனங்கள் கட்டமறுத்து, தாட்சரையே வீட்டுக்கு அனுப்ப உதவினார்கள். 1993-ல் அந்த வரி ஒழிந்தது. அன்று தெருவுக்குத் தெரு சங்கம் இருந்தது. ஜப்திக்கு வந்தவனை வாசலிலேயே மறித்தார்கள். 2022-ல் இருந்தது கையெழுத்து, தெருவில் கமிட்டி இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஏழை வீடுகளில் முன்பண மீட்டர் இருந்தது. காசு போட்டால்தான் விளக்கே எரியும். "கட்டமாட்டேன்" என்று சொல்ல அவனுக்கு வழியே இல்லை. காசு தீர்ந்தால் தன் வீட்டை அவனே இருட்டாக்கிக்கொள்கிறான். பாக்கி வைத்தவர்களின் வீட்டில் கோர்ட் உத்தரவோடு நுழைந்து அந்த மீட்டரைப் பலவந்தமாக மாட்டினார்கள். 2023 பிப்ரவரியில் பெரும் கூச்சல் எழுந்த பிறகே அது நிறுத்திவைக்கப்பட்டது. மின்சார விற்பனையைப் பொதுவுடைமையாக்கு என்று அந்நாட்டுத் தொழிற்சங்க காங்கிரசே 2022-ல் கோரிக்கை வைத்தது.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். நம் கிராமங்களில் "ராத்திரிக் கரண்ட்" என்றால் என்ன என்பது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். பம்பு செட்டுக்கு மும்முனை மின்சாரத்தை நடு இரவில் முறை வைத்த காலங்களில், டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்து மடை திருப்பியவர் யார்? நிலச்சுவான்தார் அல்ல. 1970-ல் கோவை மாவட்ட விவசாயிகள் பம்பு செட் கட்டண உயர்வை எதிர்த்தபோது பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு உயிர்கள் போனதும் இந்த யூனிட் கணக்குக்காகத்தான்.

இப்போது 2023 ஜூனில் மத்திய சர்க்கார் மின்நுகர்வோர் விதியைத் திருத்தியிருக்கிறது. நேரத்துக்கு நேரம் வேறு ரேட் வைக்க வேண்டும். சூரிய வெளிச்ச நேரத்தில் 10 முதல் 20 சதவிகிதம் குறைவு, நெருக்கடி நேரத்தில் 10 முதல் 20 சதவிகிதம் கூடுதல் என்கிறது விதி. பெரிய ஆலை, வியாபாரிகளுக்கு 2024 ஏப்ரல் முதல். விவசாயம் தவிர மற்றவர்களுக்கு 2025 ஏப்ரலுக்குள் என்று கெடு. ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய வீட்டுக்கு உடனே. நிறைவேற்ற வேண்டியவை மாநிலக் கமிஷன்கள். பகலில் மலிவு என்பார்கள். முதல் ஷிப்டுக்குப் போன கணவனும் களை எடுக்கப் போன மனைவியும் பகலில் எந்த மின்சாரத்தைச் செலவழிப்பார்கள்? நாம் வீட்டில் விசிறி போடுவதும், பிள்ளைகள் படிப்பதும் விளக்கு வைத்த பிறகு. நேர ரேட் என்பது தன்னளவில் கெட்டதல்ல. கல் ஹீட்டரும் கெட்ட பொருளல்ல. யார் கையில் சாவி, யார் நேரத்தை யார் தீர்மானிப்பது என்பதுதான் விஷயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும்போது அவரவர் வீட்டு மின்கட்டண அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள். ஆலைத் தோழர்கள் தங்கள் ஷிப்டு நேரத்தையும், வீட்டில் எந்த நேரத்தில் எது ஓடுகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். கமிஷன் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறபோது நாம் கொண்டுபோக வேண்டிய கணக்கு அதிலிருந்துதான் வரவேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.